பெரியப்பா சுட்டு வீழ்த்திய ஏரோப்ளேன்

பொய் சொல்வதில் எனக்கு இன்றைக்கும் பெரிய கூச்சம் ஒன்றும் கிடையாது. வயசாகிவிட்டதால் அளவோடு சொல்கிறேன், அவ்வளவுதான். ஆனால் ஐந்தாம் வகுப்பு படிக்கும்போது நான் விட்ட புளுகு ஒன்று இருக்கிறதே, அதன் கிட்டேகூட வேறு எதுவும் வர முடியாது. ஒரே மூச்சில் ஜப்பான்காரனுடைய ஏரோப்ளேன் ஒன்றைச் சுட்டுக் கீழே தள்ளிவிட்டேன். சுட்டது நானில்லை, எங்கள் பெரியப்பா. பாவம், அவருக்கே அந்த விஷயம் ஒரு வாரம் கழித்துத்தான் தெரியும்.

சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து அடுத்த வருஷம் அது. நெய்வேலியில் எல்லாமே அப்போது புதுசு. குவார்ட்டர்ஸ் புதுசு, ரோடு புதுசு, ரோட்டோரம் நட்டிருந்த வேப்பங்கன்று புதுசு, பள்ளிக்கூடத்துச் சுவரில் சுண்ணாம்பு வாசனைகூடப் போகவில்லை. பக்கத்து வீட்டுக்கு எந்த ஊரிலிருந்து யார் வந்து சேருவார்கள் என்று சொல்லவே முடியாது. எங்களுக்கு வலது பக்கம் திருநெல்வேலி, இடது பக்கம் பாலக்காடு, எதிர்ச் சாரியில் கோயம்புத்தூர். அந்த வரிசையில் நாங்கள் மட்டும்தான் உள்ளூர். ஆனால் அப்பா அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். சொந்த ஊர் எது என்று யாராவது கேட்டால் கடலூர் என்பார். கடலூரில் எங்கே என்றால், பக்கத்தில் என்பார். அதற்கு மேலும் கேட்டால் ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது என்று சைக்கிளை எடுத்துவிடுவார். அப்பாவுக்குப் பூகோளம் வராது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்கும் வராது.

பெரியப்பா அப்பாவுக்கு அண்ணன். கம்மாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், எங்கள் பூர்வீக ஊரிலேயே இருந்தார். அப்பா மைன்ஸில் பெர்மனென்ட், பெரியப்பா அதே மைன்ஸில் கான்ட்ராக்ட். லாரி போவதற்கு மண்ரோடு போடுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை ஆனால் போதும், சைக்கிள் கேரியரில் பலாப்பழமோ முந்திரிப்பழமோ அந்தப் பருவத்துக்குக் கிடைத்ததைக் கட்டிக்கொண்டு வந்துவிடுவார். தெருமுனையிலிருந்தே பெல் அடித்துக்கொண்டு, "வூட்ல யாரும்மா?" என்று அவர் குரல் கொடுத்தால் பாலக்காட்டு மாமி ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பாள். அப்பாவுக்கு அந்தச் சத்தம் ஆகாது. உள்ளே வந்து பேசு அண்ணே என்று கையைப் பிடித்து இழுத்துக் கதவைச் சாத்துவார். நாங்கள் வாய்தவறி 'வூடு' என்று சொன்னால் எங்களுக்கும் நங்கென்று ஒரு குட்டு விழும். வீடு என்று சொல்ல வேண்டும், அதுதான் டவுன்ஷிப் பேச்சு.

அந்தப் பெரியப்பா வெள்ளைக்காரன் காலத்துப் பெரிய சண்டையின்போது பர்மா எல்லை வரை போய் வந்தவர். அங்கிருந்து அவர் கொண்டுவந்த சொத்து ஒரு சீப்பு. விழுந்து கிடந்த ஏரோப்ளேனின் தகட்டை வெட்டி, அரத்தால் பல் பல்லாக ராவிச் செய்த அலுமினியச் சீப்பு. அதை என் அம்மாவுக்குக் கல்யாணத்தில் சீராகக் கொடுத்திருந்தார். ஆக, ஜப்பான்காரன் ஏரோப்ளேன் வாராவாரம் என் தலையில் பேன் பிடித்துக்கொண்டிருந்தது. இது சத்தியம். இதற்கு மேல் நான் சொன்னதுதான் பொய்.

சீனாச் சண்டை முடிந்த புதிது என்பதால் அந்த வருஷம் எங்கள் வகுப்பில் பட்டாளத்துக்குத்தான் மவுசு. கணக்கில் நூறு வாங்கியவளைக்கூட யாரும் சீண்டவில்லை. சொந்தத்தில் ஒரு சிப்பாய் இருக்க வேண்டும். ஒருத்தியின் அண்ணன் மிலிடரி லாரி ஓட்டினான். ஒருத்தியின் அத்தான் பட்டாளத்துக்கு ரொட்டி சுட்டான், அதுவும் சேர்த்திதான். இதற்கெல்லாம் சிகரமாக எங்கள் பக்கத்து வீட்டுத் திருநெல்வேலிக்காரி ஒரு நாள் போட்டோ கொண்டுவந்தாள். அவளுடைய தாய்மாமா கம்பளிக்கோட்டும் குல்லாவுமாக முழங்கால் அளவு பனியில் நின்றுகொண்டிருந்தார். நெய்வேலி வெயிலில் பனியைக் கண்டவர்கள் யார்? அந்தப் போட்டோவைத் தொட்டுப் பார்க்கப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை.

"உங்க மாமா சும்மா நிக்கத்தானே செய்றாரு! எங்க பெரியப்பா ஜப்பான்காரன் ஏரோப்ளேனையே சுட்டு வீழ்த்தினவரு. அந்த ஏரோப்ளேனாலதான் நான் தலையே வாரிக்கிறேன், தெரியுமா?"

அடேயப்பா, அந்த நிமிஷத்தின் சுகம் இருக்கிறதே! வகுப்பு அப்படியே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. மறுநாள் சீப்பையே கொண்டுபோய்க் காட்டினேன். சீப்பைப் பார்த்த பிறகு சந்தேகப்பட யாருக்குத் துணிச்சல் வரும்? டீச்சரே அதை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பனியில் நின்ற மாமா அன்றோடு காலி.

விஷயம் அதோடு நின்றிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் ஹெட்மாஸ்டருக்கு அந்த வாரம் ஒரு நெருக்கடி வந்தது. சுதந்திர தின விழாவுக்குத் தலைமை தாங்க ஒப்புக்கொண்டிருந்த மிலிடரி அதிகாரி ஒருவர், உடம்பு சரியில்லை என்று கடைசி நேரத்தில் கைவிரித்துவிட்டார். டீச்சர் போய்ச் சீப்புக் கதையைச் சொல்லியிருக்கிறார். ஹெட்மாஸ்டர் என்னைக் கூப்பிட்டனுப்பினார். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனால், அவர் சிரித்த முகமாக, உன் பெரியப்பா பெயர் என்னம்மா என்று கேட்டார். சொன்னேன். பெயருக்கு முன்னால் 'உயர்திரு' போட்டு, பின்னால் 'அவர்கள்' போட்டு, பள்ளிக்கூட முத்திரை குத்தி, உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்.

அதைக் கிழித்து எங்கேயாவது போட்டிருக்கலாம். ஆனால் முத்திரை குத்திய காகிதத்தைக் கிழித்தால் போலீஸ் பிடித்துக்கொண்டு போகும் என்று எங்கள் வகுப்பில் பலமான நம்பிக்கை. பைக்குள் பூகோளப் புத்தகத்துக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பெரியப்பா வந்தபோது அப்பா காலை ஷிஃப்டில் இருந்தார், அம்மா சமையலில் இருந்தாள். நான் கடிதத்தை அவர் மடியில் போட்டுவிட்டு, எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்து, அழவும் ஆரம்பித்தேன்.

பெரியப்பா சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. தொடையைத் தட்டிக்கொண்டு, புரையேறி, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. கடிதத்தை என்னிடமே நீட்டிப் படிக்கச் சொன்னார். படித்தேன். மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்றாவது தடவை, உயர்திரு என்று எங்கே எழுதியிருக்கிறது, விரலை வைத்துக் காட்டு என்றார். காட்டினேன். அந்த எழுத்தின் மேல் அவரும் தன் விரலை வைத்துப் பார்த்தார். சிரிப்பெல்லாம் எங்கோ போய்விட்டது. கண்டிப்பாக வருகிறேன் என்றார்.

"ஆனா ஏரோப்ளேன் கதயெல்லாம் ஆவாது கண்ணு. நான் துப்பாக்கியத் தொட்டதே ரெண்டு வாட்டிதான். எங்களுது ரோடு போடுற பட்டாளம். பிக்காசும் மம்முட்டியும்தான்."

போச்சுடா என்று ஆகிவிட்டது எனக்கு. பர்மாவிலும் ரோடு, நெய்வேலியிலும் ரோடு! இந்த மனிதரை மேடையில் ஏற்றி, நான் மம்முட்டி பிடித்தேன் என்று அவர் சொன்னால், அந்தத் திருநெல்வேலிக்காரி என்னை உயிரோடு விடுவாளா? ஏரோப்ளேனை யார்தான் சுட்டது என்று கேட்டேன். யாரோ ஒரு பீரங்கிக்காரன் என்றார். இவர்கள் போனது அது விழுந்து ஆறின பிறகு, தகடு வெட்ட.

அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் எனக்கு ஒரே ஏமாற்றமாக இருந்தது. மலையைக் குடைந்து ரோடு போட்டார்களாம். மழை ஓயவே ஓயாதாம். போட்ட ரோடு மறுநாள் காலை பள்ளத்தாக்கில் கிடக்குமாம், மறுபடியும் போடுவார்களாம். பீரங்கியும் சிப்பாயும் முன்னே போகவேண்டுமென்றால் அதற்கு முந்தி ரோடு போகவேண்டும், ஆகவே உண்மையில் முன்னால் போனது நாங்கள்தான் என்றார். கூடப் போன ஊர்க்காரர் ஒருவர் அங்கேயே செத்துப்போனார். எனக்குச் சட்டென்று உற்சாகம் வந்து, யார் சுட்டார்கள் என்று கேட்டேன். யாரும் சுடவில்லை, மலை சரிந்து மூடிவிட்டது, தோண்டி எடுத்தபோது கையில் மம்முட்டியைப் பிடித்தபடியே இருந்தார் என்றார். மம்முட்டியோடு செத்துப்போனவரைப் பற்றி நான் பள்ளிக்கூடத்தில் யாரிடம் சொல்வது?

ஆனால் மேடையில் சொல்லப்போவது இதுகூட இல்லையாம். அவரிடம் வேறு ஒரு கதை இருந்தது. அது பூட்ஸ் கதை.

முதல் லீவில் விருத்தாசலத்தில் ரயில் இறங்கி, காக்கி உடுப்பும் பூட்ஸுமாக ஊருக்கு நடந்து வந்திருக்கிறார். ஊருக்கு அந்தப் பக்கம் தள்ளி இருந்த எங்கள் காலனிக்குப் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போகவேண்டும். பூட்ஸ் சத்தம் கேட்டு வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்களாம். ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லையாம். சர்க்கார் உடுப்பு ஆயிற்றே! தெருக்கோடிக்கு வந்ததும், எதையோ மறந்து வைத்துவிட்ட மாதிரி திரும்பி, அந்தத் தெரு முழுக்க இன்னொரு தடவை நடந்தேன் என்று சொல்லிப் பெரியப்பா சிரித்தார். எழுந்து நின்று கூடத்திலேயே நடந்தும் காட்டினார். வெறுங்காலிலேயே சத்தம் வந்தது.

"அப்பறம் சண்ட முடிஞ்சிது, வூட்டுக்கு அனுப்பிட்டாங்க. சுதந்திரம் வந்த அன்னிக்கு ஊர்ல கொடி ஏத்தினாங்க கண்ணு. நானும் பூட்ஸ மாட்டிக்கினு போனேன். தெரு மொனையிலயே நிறுத்திட்டாங்க. 'இப்பதான் பட்டாளம் இல்லியே, கழட்டிக் கையில எடுத்துக்கினு போ'ன்னாங்க. கழட்டினேன்."

அவ்வளவுதான் கதை. இதில் எங்கே துப்பாக்கி, எங்கே குண்டு? கொடியேற்றுகிற நாள், வாசலெல்லாம் பெரிய பெரிய கோலமாகப் போட்டிருப்பார்கள், பூட்ஸ் காலால் மிதித்து அழித்தால் யார்தான் சும்மா இருப்பார்கள் என்று எனக்கு ஊர்க்காரர்கள் பக்கம்தான் நியாயமாகப் பட்டது. அதை அவரிடம் சொல்லவும் செய்தேன். பெரியப்பா என்னைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். உனக்குத் தெரியாதில்ல, தெரியாம இருக்கிறதும் நல்லதுதான் என்றார். பதினாறு வருஷமாக இது தொண்டையிலேயே நிற்கிறதாம். உயர்திரு என்று எழுதிக் கூப்பிட்டிருக்கிறார்கள், நாலு பேர் எதிரில் சொல்லிவிட்டால்தான் இறங்கும் என்றார். அந்தப் பூட்ஸை இன்னும் வைத்திருந்தார். விளக்கெண்ணெய் போட்டு ஊறவைத்துக் காலில் மாட்டிக்கொண்டு வரப்போவதாகச் சொன்னபோது அவர் முகத்தில் அப்படி ஒரு துள்ளல்.

இந்த நேரத்தில் அப்பா டிபன் கேரியரோடு வாசல்படியில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியவில்லை. கடிதத்தை வாங்கிப் படித்தார். என்னைக் கடுகு வாங்கி வர ஸ்டோருக்குப் போகச் சொன்னார். வீட்டில் கடுகு இருந்தது எனக்குத் தெரியும். நான் பின்பக்கமாகப் போய்க் குழாயடி ஜன்னலுக்குக் கீழே உட்கார்ந்துகொண்டேன்.

"ஏரோப்ளேன் கத என்னா வேணா சொல்லிக்க அண்ணே. அந்த பூட்ஸ் கத மட்டும் வாணாம். இங்க யாரும் என்ன என்னா ஆளுன்னு கேட்டதில்ல. கேக்க வுடாம வச்சிக்கினு இருக்கேன். இந்த வூட்ல கொழாயத் தொறந்தா தண்ணி வருது. பக்கத்து வூட்டுக்காரரு அவுங்க வூட்டுத் தட்டுலயே பலகாரம் அனுப்புறாரு. பாப்பா இங்கியே வளரணும் அண்ணே."

எங்களைக் குட்டுகிற அப்பா 'வூடு' என்று சொன்னது எனக்கு முதலில் ஒரே வேடிக்கையாக இருந்தது.  அப்படின்னா நான் எப்பதான்டா சொல்றது என்று பெரியப்பா கேட்டார்.  பெரியப்பா சாப்பிடாமலே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். போகும்போது பெல் அடிக்கவில்லை.

எனக்கு ஒரு பக்கம் நிம்மதி. அப்பாவுக்கும் பூட்ஸ் கதை பிடிக்கவில்லை, ஏரோப்ளேன்தான் பிடித்திருக்கிறது! அப்பாவுக்கு இவ்வளவு ரசனை இருக்கும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஆனால் பெரியப்பா சரி என்று சொல்லவில்லையே. அவர் பிடித்தால் பிடித்ததுதான்.

அந்தச் சில நாள் நான் பட்ட பாடு! பள்ளிக்கூடத்தில் ஏரோப்ளேன் குட்டி போட ஆரம்பித்துவிட்டது. இரண்டு நாளில் இரண்டு ஆயிற்று, அப்புறம் மூன்று. ஒண்ணாம் வகுப்புப் பிள்ளைகள், அவர் ஏரோப்ளேனைக் கையாலேயே பிடித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். திருநெல்வேலிக்காரி சமாதானத்துக்கு வந்து, தன் மாமா போட்டோவை ஒரு நாள் என் வீட்டில் வைத்துக்கொள்ளக் கொடுத்தாள். நான் சந்தோஷப்படவா முடியும்? பெரியப்பாவுக்கு ஜுரம் வரவேண்டும் என்று பிள்ளையாரை வேண்டிக்கொண்டேன். பிறகு பாவமாக இருந்தது. லேசான ஜுரமாக இருந்தால் போதும், அந்த ஒரு நாளைக்கு மட்டும் இருந்தால் போதும் என்று திருத்தி வேண்டிக்கொண்டேன்.

பிள்ளையார் கேட்கவில்லை. பதினைந்தாம் தேதி காலை பெரியப்பா ஜம்மென்று வந்து இறங்கினார். வெளுத்த காக்கிச் சட்டை, காக்கி நிஜார், காலில் எண்ணெய் மினுக்கும் கறுப்புப் பூட்ஸ். கேட்டிலிருந்து மேடை வரைக்கும் அவர் நடந்து வந்தபோது, மைதானத்தில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் கழுத்தைத் திருப்பினோம். நாங்களும் அன்றைக்குச் சாக்பீஸ் தேய்த்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவோடு, கையில் காகிதக் கொடியோடு, வரிசை வரிசையாக இருந்தோம். அப்பாவுக்கு இரண்டாவது ஷிஃப்ட் என்பதால் அவரும் வந்து வேலியோரமாக நின்றார். பக்கத்தில் திருநெல்வேலிக்காரியின் அப்பா. "உங்க அண்ணாச்சி இம்புட்டுப் பெரிய ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்லலியே நீங்க!" என்று அவர் போட்ட சத்தம் என் காதுவரை கேட்டது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

கொடி ஏறியது. ஹெட்மாஸ்டர் மைக்கைப் பிடித்து, மூன்று போர் விமானங்களைத் தனியொருவராகச் சுட்டு வீழ்த்திய மாவீரர் என்று ஆரம்பித்து, மூச்சு வாங்குகிறவரை புகழ்ந்தார். மாலை போட்டார்கள். பெரியப்பா மாலையைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு மைக்குக்கு முன்னால் நின்றார். 

"நான் மொதலு லீவுல ஊருக்கு வந்தப்பங்க, காலுல இந்த பூட்ஸுதான்..."

ஐயையோ, பூட்ஸ் கதை! நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். தொலைந்தோம். ஆனால் அடுத்த வார்த்தை வரவில்லை. கண்ணைத் திறந்தால், பெரியப்பா எங்கள் தலைகளுக்கு மேலாக வேலிப்பக்கம் பார்த்துக்கொண்டு நிற்கிறார். நானும் திரும்பிப் பார்த்தேன். அங்கே அப்பா இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேராகக் கூப்பிக்கொண்டு நின்றார். சொந்த அண்ணனாக இருந்தாலும் மேடையில் இருப்பவருக்கு வணக்கம் சொல்கிறாரே என்று நான் பெருமைப்பட்டேன்.

மைக் கொர்ரென்று இரைந்தது. பெரியப்பா எச்சிலை விழுங்கினார். நான் முதல் வரிசையில் இருந்ததால் அவர் தொண்டை ஏறி இறங்கியது தெரிந்தது.

"...இந்த பூட்ஸோடதாங்க அன்னிக்குக் குழிக்குள்ள நின்னுக்கினு இருந்தேன். மேல பாத்தா, வந்துக்கினு இருக்குது ஏரோப்ளேன்!"

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்! கையை விரித்து அவரே ஏரோப்ளேன் ஆனார். மேடையைச் சுற்றி வளைந்து வளைந்து பறந்தார். வாயாலேயே குண்டு போட்டார். குண்டு விழுந்ததும் மேஜைக்கு அடியில் பாய்ந்து, அங்கிருந்து துப்பாக்கியை நீட்டி, ஒரு கண்ணை மூடிக் குறி பார்த்தார். மைதானமே மூச்சு விடவில்லை. டப்! இறக்கையில் தீப்பிடித்தது. அது உறுமிக்கொண்டு, சாய்ந்து, மலையில் மோதி, படாரென்று வெடித்ததும் நாங்கள் எழுந்து நின்று கத்தினோம். இன்னொன்று, இன்னொன்று என்று பின்வரிசைப் பையன்கள் கூச்சல் போட்டார்கள். பெரியப்பா சளைக்கவில்லை. இரண்டாவதையும் சுட்டார். மூன்றாவதை, விமானியின் கண்ணும் மீசையும் தெரிகிற அளவு கிட்டத்தில் வரவிட்டுச் சுட்டார். ஹெட்மாஸ்டரே நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார். திருநெல்வேலிக்காரி என் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. என்னைக் காப்பாற்றிவிட்டாரே! என் ஒருத்திக்காக இத்தனை பேர் எதிரில் மூன்று பொய் சொல்லிவிட்டாரே!

கைதட்டல் அடங்கியதும் ஹெட்மாஸ்டர், குழந்தைகளுக்குச் சுதந்திரத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பெரியப்பா இதை எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. வேர்வையைத் துடைத்துக்கொண்டு, எங்களை வரிசை வரிசையாகப் பார்த்தார். எங்கள் முகத்தை இல்லை, கீழே.

"சொதந்திரம் நல்லாருக்குதுங்க. புள்ளைங்க எல்லாம் காலுல ஷூவு போட்டுக்கினு ஒண்ணா ஒக்காந்து இருக்குதுங்க. யாரும் கழட்டச் சொல்லல. பாக்க நல்லாருக்குதுங்க."

இவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். ஹெட்மாஸ்டருக்கு இது சப்பென்று இருந்திருக்கும். இன்னும் பெரிதாக ஏதாவது எதிர்பார்த்திருப்பார். காலையில் உட்கார்ந்து சாக்பீஸ் தேய்த்தது வீண்போகவில்லை, நம் ஷூவின் வெள்ளையைப் பெரியப்பா கவனித்திருக்கிறார் என்று எனக்கு மட்டும் பரம திருப்தி.

அன்று எங்கள் தெருவில் நான் ராணி. பாலக்காட்டு மாமி பெரியப்பாவுக்குப் பாயசம் கொடுத்தனுப்பினாள். திருநெல்வேலிக்காரர் வீட்டுக்கே வந்து, பெரியப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, இந்தக் கைதானே சுட்டது என்று கேட்டார். ஆமாங்க என்றார் பெரியப்பா. கூட்டம் கலைந்த பிறகு நான் அவர் மடியில் ஏறி உட்கார்ந்து, உண்மையைத்தான் சொல்வேன் என்றீர்களே, ஏன் பெரியப்பா மாற்றிச் சொன்னீர்கள் என்று காதோடு கேட்டேன். நீ மாட்டிக்கக் கூடாதில்ல கண்ணு என்றார். பூட்ஸைக் கழற்றிச் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிக்கொண்டு, வெறுங்காலோடு மிதித்துக்கொண்டு போனார்.

அவர் சொன்னதை நான் ஐந்து வருஷம் நம்பினேன். பெரியப்பா செத்துப்போன அன்று, எனக்கு நினைவு தெரிந்து முதல் தடவையாக என்னை ஊருக்குக் கூட்டிப்போனார்கள். ஊர்த்தெரு முனையில் அம்மா சட்டென்று குனிந்து என் காலிலிருந்து செருப்பை உருவித் தன் பைக்குள் திணித்தாள். ஏன் என்று கேட்டதற்கு, பேசாமல் வா என்றாள். அப்பாவும் தன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய்க்கொண்டிருந்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். அந்தத் தெருவில் ஒரு கோலம்கூட இல்லை.

பெரியப்பா அந்தக் கதையை அதற்குப் பிறகு எங்கேயும் சொன்னதாகத் தெரியவில்லை. உயர்திரு போட்டு அவரை வேறு யார் கூப்பிடப்போகிறார்கள்? கிடைத்த ஒரே மேடையை அவர் தம்பிக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அண்ணனுக்குச் சுதந்திரம் என்றால் அதை வாய்விட்டுச் சொல்வதாக இருந்தது. தம்பிக்கோ அதைச் சொல்லாமல் வாழ ஓர் இடம் கிடைத்ததுதான் சுதந்திரம். இரண்டும் ஒரே மைதானத்தில் எதிரும் புதிருமாக நின்றபோது நான் நடுவில் உட்கார்ந்து காகிதக் கொடியை ஆட்டிக்கொண்டிருந்தேன். இதையெல்லாம் இன்று என்னால் சொல்ல முடிகிறது.

அன்று எனக்குப் பத்து வயது. பெரியப்பாவின் சைக்கிள் தெரு திரும்பியதும் நான் துள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். ஷிஃப்டுக்குக் கிளம்ப வேண்டிய அப்பா, பின்கட்டுக் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அதன் எதிரில் குந்தி உட்கார்ந்திருந்தார். தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. துண்டை வாயில் அடைத்துக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அழுதார். இப்படிப்பட்ட அண்ணன் கிடைத்தால் யாருக்குத்தான் சந்தோஷத்தில் அழுகை வராது? நான் பக்கத்தில் போய் உட்கார்ந்து, பெரிய மனுஷி மாதிரி அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

"அழாதீங்கப்பா. அடுத்த வருஷமும் பெரியப்பாவையே கூப்பிடச் சொல்லி நான் ஹெட்மாஸ்டர்கிட்ட சொல்றேன்."